குதிக்கும் இசைத்தட்டைச் சீராக்கும் முறை

இசைத்தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது முள் ஓரிடத்தில் துள்ளி அடுத்த வரிக்குத் தாவினாலோ, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாலோ, தட்டில் கீறல் விழுந்துவிட்டது, இனி அது உதவாது என்ற முடிவுக்குப் பலரும் உடனே வந்துவிடுகிறார்கள். சொன்னதையே சொல்பவரைக் ‘கீறல் விழுந்த ரெக்கார்டு’ என்று அழைக்கும் வழக்கமும் இந்த எண்ணத்தை வலுவாக்கிவிட்டது. ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் என் கைக்கு வந்து சேர்ந்த குதிக்கும் தட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கீறல் காரணமாக இருக்கவில்லை. தட்டின் பள்ளத்துக்குள் இறுகிப்போன அழுக்கோ, எடை சரியாக வைக்கப்படாத, முள்ளைத் தாங்கும் பிளேயரின் கையோ, மட்டமில்லாத மேசையோதான் காரணமாக இருந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் தட்டில் கை வைப்பவர்கள், நன்றாக இருந்த தட்டையும் கெடுத்துவிடுகிறார்கள் என்பதால், கண்டுபிடிக்கும் முறையிலிருந்தே தொடங்குகிறேன்.

எனக்கு இந்த வேலை பழகியது என் பெரியப்பாவின் தட்டுகளால்தான். அவர் பாலக்கோட்டுக்கு அருகே மைக் செட் வைத்திருந்தார். திருமணம், காதணி விழா, மாரியம்மன் திருவிழா என்று எந்த நிகழ்ச்சியானாலும் புளியமரத்தில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிவிட்டு, பந்தலின் ஓரத்தில் செம்மண் புழுதிக்கு நடுவே பாட்டு போடுவார்கள். அவர் தொழிலை விட்ட பிறகு இரண்டு மரப்பெட்டி நிறைய தட்டுகள் எங்கள் வீட்டுக்கு வந்தன. அவற்றில் முதன்முறை வைத்தபோது குதிக்காமல் ஓடிய தட்டு மிகச் சில. இன்று அவற்றில் பெரும்பாலானவை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஓடுகின்றன.

தட்டின் ஒரு பக்கத்தில் இருப்பது வெளிவிளிம்பில் தொடங்கி நடுவை நோக்கிச் சுருண்டு செல்லும் ஒரே ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தின் ஒவ்வொரு சுற்றையும் இங்கே வரி என்று குறிப்பிடுகிறேன். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் சுழலும் எல்.பி. தட்டில் 20 நிமிடப் பக்கம் ஒன்றுக்கு ஏறத்தாழ 667 சுற்றுகள் இருக்கும். முள் அந்த நேரத்துக்குள் 400 மீட்டருக்கும் அதிகமான தொலைவைக் கடக்கிறது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே சராசரியாக 0.13 மில்லிமீட்டர்தான் இடைவெளி. இவ்வளவு நெருக்கத்தில் ஓடும் முள்ளை ஒரு தூசித் துணுக்கு உள்பக்கமாகத் தள்ளினால் பாட்டு முன்னே தாவுகிறது. வெளிப்பக்கமாகத் தள்ளினால் ஏற்கெனவே ஓடிய வரிக்கே திரும்பி, அதையே மீண்டும் மீண்டும் பாடுகிறது. எல்.பி. தட்டு ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி எடுத்துக்கொள்வதால், திரும்ப ஒலிக்கும் துண்டும் அதே அளவுதான் இருக்கும்.

முதலில் செய்ய வேண்டிய சோதனை

குதிக்கும் இடத்தைக் கேட்டவுடன், அந்தச் சொல்லையோ இசைத்துணுக்கையோ ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அதே பகுதியை மூன்று முறை ஓடவிடுங்கள். மூன்று முறையும் அதே இடத்தில் குதித்தால் குறை பெரும்பாலும் தட்டில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் குதித்தாலும், உங்களிடம் உள்ள எல்லாத் தட்டுகளுமே குதித்தாலும், குறை பிளேயரில் இருக்கிறது. வெளிவிளிம்பில் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் கை ஏறி இறங்கிக் குதித்தால் தட்டு வளைந்திருக்கிறது. உரத்த தாள ஒலி வரும் இடங்களில் மட்டும் முள் தடுமாறினால், அந்த இடத்தில் பள்ளம் அதிகமாக வளைந்து நெளிவதை முள்ளால் தொடர முடியவில்லை என்று பொருள். இதற்குத் தேய்ந்த முள்ளோ, போதாத எடையோ காரணமாக இருக்கும்.

இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. ஆனாலும் இதைச் செய்யாமல் நேராகத் தட்டைத் துடைக்கத் தொடங்குபவர்களே மிகுதி.

பிளேயரைச் சரிசெய்தல்

பிளேயர் நிற்கும் இடம் மட்டமாக இருக்க வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் சிறிய ரசமட்டத்தைத் தட்டு சுழலும் மேடையின் மீது முதலில் குறுக்காகவும் பிறகு நெடுக்காகவும் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் கை அந்தப் பக்கமாகவே சரிய முயலும், வரியின் ஒரு சுவரை மட்டும் அழுத்தும், சிறு தடை வந்தாலும் தாவிவிடும். காலடியில் மடித்த அட்டையை வைத்து மட்டத்தைக் கொண்டுவரலாம். அதைவிட நிலையான வழி ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிரானைட் பட்டறைகளில் பலகை அறுத்து மிஞ்சிய துண்டுகள் கிடைக்கும். பிளேயரைவிடச் சற்றுப் பெரிய, இரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள துண்டை வாங்கி, அடியில் நான்கு மூலைகளிலும் ரப்பர் துண்டுகளை ஒட்டி, அதன்மீது பிளேயரை வைத்தால், தரையில் நடக்கும் அதிர்வும் சாலையில் போகும் கல் லாரியின் அதிர்வும் முள்ளுக்குப் போய்ச் சேர்வது பெருமளவு குறையும். ஒலிபெருக்கியைப் பிளேயர் இருக்கும் அதே மேசையில் வைக்கவே கூடாது.

அடுத்தது கையின் எடை. பின்பக்கம் திருகும் எடைக்குண்டு உள்ள பிளேயராக இருந்தால், முள்ளின் காப்பு உறையைக் கழற்றிவிட்டு, ஆன்டி ஸ்கேட்டிங் திருகைப் (அது என்னவென்று கீழே சொல்கிறேன்) பூச்சியத்தில் வைத்து, கை தராசுக் கோல்போல் மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல் காற்றில் நிற்கும் வரை குண்டைத் திருக வேண்டும். அந்த நிலையில் குண்டின் முன்னுள்ள எண் வளையத்தை மட்டும் பூச்சியத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு குண்டையும் வளையத்தையும் சேர்த்துத் திருகி, கார்ட்ரிட்ஜ், அதாவது கையின் நுனியில் முள் பொருத்தப்பட்டிருக்கும் சிறு பகுதி, அதைத் தயாரித்தவர் சொன்ன எடைக்கு வர வேண்டும். இன்றைய காந்தக் கார்ட்ரிட்ஜ்களில் இது பெரும்பாலும் 1.5 முதல் 3 கிராமுக்குள் இருக்கும். எண் வளையத்தை மட்டும் நம்பாமல், தங்க வேலை செய்பவர்கள் பயன்படுத்துவது போன்ற, 0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசில் முள்ளை மெல்ல இறக்கிச் சரிபார்ப்பது நல்லது. எடை கூடினால்தான் வரி தேயும் என்று அஞ்சிப் பலர் எடையை மிகவும் குறைத்து வைக்கிறார்கள். எடை குறைந்த முள் வரிக்குள் நிலைகொள்ளாமல் துள்ளி இரு சுவர்களிலும் மோதுவதால், அது செய்யும் சேதமே அதிகம்.

ஆன்டி ஸ்கேட்டிங் என்பது, தட்டு சுழலும்போது உராய்வினால் கை நடுவை நோக்கி இழுபடுவதை ஈடுசெய்யும் எதிர் இழுப்பு. பொதுவாக முள்ளின் எடைக்குச் சமமான எண்ணில் அதை வைக்கலாம். பல தட்டுகள் முன்னோக்கியே தாவுமானால் அது குறைவாக இருக்கிறதா என்றும், பல தட்டுகள் பின்னோக்கியே திரும்புமானால் அது கூடுதலாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கையின் மீது நாணயம் வைப்பதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெரியப்பாவின் பிளேயரில் கார்ட்ரிட்ஜுக்கு மேலே ஒரு நாலணா எப்போதும் ஒட்டப்பட்டிருந்தது. விழாப் பந்தலில் பாட்டு நிற்கக் கூடாது என்பதற்காக அவர் அதைச் செய்தார். அவருக்கு வேறு வழி இல்லை. ஆனால் அந்தத் தட்டுகளின் உரத்த பகுதிகளில் இன்று கேட்கும் இரைச்சலை எந்தச் சலவையாலும் போக்க முடியவில்லை. சில கிராம் எடையில் ஓட வேண்டிய முள்ளின் மீது மேலும் சில கிராம் ஏறும்போது, அந்த எடை முழுவதும் மயிரிழை போன்ற முனையில் குவிந்து வரியின் சுவர்களைச் செதுக்கிவிடுகிறது. வீட்டில் கேட்பவர்கள் இதைச் செய்யவே வேண்டாம்.

முள்ளைப் பற்றியும் ஒரு சொல். முனையில் பஞ்சுபோல் அழுக்குத் திரண்டிருந்தால் முள் வரிக்குள் இறங்காமல் மேலேயே வழுக்கிக்கொண்டு போகும். ஒலியைக் குறைத்துவிட்டு, மென்மையான சிறு தூரிகையால் பின்னாலிருந்து முன்னோக்கி, அதாவது கையின் அடிப்பகுதியிலிருந்து நுனியை நோக்கி மட்டும் துடைக்க வேண்டும். எதிர்த்திசையிலோ பக்கவாட்டிலோ துடைத்தால் முள் பொருத்தப்பட்ட மெல்லிய தண்டு வளைந்துவிடும். வைர முள் 500 முதல் 1,000 மணி நேரம் வரை உழைக்கும் என்பது பொதுவான கணக்கு. நீலக்கல் முள்ளின் ஆயுள் அதைவிட மிகவும் குறைவு. பழைய பிளேயரை எப்போது வாங்கினார்கள், முள்ளை எப்போது மாற்றினார்கள் என்பது தெரியாவிட்டால், முதல் செலவாகப் புது முள்ளை வாங்குங்கள்.

தட்டைக் கழுவுதல்

பிளேயர் சரியாக இருந்தும் குறிப்பிட்ட தட்டு குறிப்பிட்ட இடத்தில் குதித்தால், அடுத்த வேலை அதைக் கழுவுவது. இங்கே நம் மாவட்டங்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் உப்புகளும் ஃபுளோரைடும் மிகுதி. இதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013ஆம் ஆண்டில் தொடங்கி வைக்கப்பட்டது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் அதே உப்பு, தட்டில் ஈரம் காயும்போது வரியின் அடியிலும் படியும். பிறகு அதுவே முள்ளைத் தட்டிவிடும். எனவே அலசும் கடைசித் தண்ணீராவது வாலை வடிநீராக இருக்க வேண்டும். வாகன பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் பேட்டரிக் கடைகளில் கிடைக்கும். அமிலம் கலக்காத வெறும் தண்ணீர்தானா என்று கேட்டு, மூடி உடைக்காத கேனாகப் பார்த்து வாங்குங்கள்.

ஒரு லிட்டர் வடிநீரில் மணமற்ற பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு மூன்று சொட்டு மட்டும் விடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு உள்ள வினைல் தட்டுகளுக்கு, அதாவது எல்.பி. போன்ற பிளாஸ்டிக் தட்டுகளுக்கு மட்டும், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சேர்க்கலாம். அது கலவையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. சுத்தமான துண்டின் மீது தட்டைக் கிடத்தி, நடுவில் ஒட்டியிருக்கும் லேபிள் நனையாதபடி அதே அளவுள்ள பிளாஸ்டிக் டப்பா மூடியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, கலவையில் நனைத்த மெல்லிய முடியுள்ள தூரிகையால் வரி ஓடும் திசையிலேயே வட்டமாகத் தேய்க்க வேண்டும். நடுவிலிருந்து விளிம்புக்குக் குறுக்காகத் தேய்த்தால் அழுக்கு வரியை விட்டு வெளியேறாது, துகள்கள் சுவரைக் கீறவும் செய்யும். குதிக்கும் இடத்தில் கலவையை இரண்டு நிமிடம் ஊறவிட்டு மறுபடியும் தேய்ப்பது பயன் தரும். பழைய மைக் செட் தட்டுகளில் செம்மண்ணும் எண்ணெயும் சேர்ந்து கெட்டிப்பட்டிருக்கும். அவற்றுக்கு இதை விட்டுவிட்டு மூன்று நாள்கள் செய்திருக்கிறேன்.

பிறகு சோப்பின் சுவடே இல்லாதபடி வெறும் வடிநீரால் இரண்டு முறை அலசி, நார் உதிராத மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்து, நிழலில் நிமிர்த்தி வையுங்கள். சமையலறையில் தட்டு அடுக்கும் ஸ்டாண்டின் கம்பிகளில் துணியைச் சுற்றிவிட்டால் அதுவே போதும். மின்விசிறிக் காற்று தூசியைக் கொண்டுவந்து ஈரத்தில் ஒட்டவைக்கும் என்பதால் அதை நிறுத்திவிடுங்கள். முழுவதும் காய்ந்த பிறகே முள்ளை வைக்க வேண்டும்.

இதுவரை சொன்னது வினைல் தட்டுகளுக்கானது. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகள் அரக்கும் கல்தூளும் கலந்து செய்யப்பட்டவை. 1960களிலும் இந்தியாவில் அவை அச்சாகிக்கொண்டிருந்ததால், நம் வீடுகளில் இரண்டு வகையும் கலந்தே இருக்கும். கனமாகவும் தடிமனாகவும், விரலால் சுண்டினால் ஓட்டைத் தட்டினாற்போல் ஒலிக்கும் தட்டு என்றால் அது அரக்குத் தட்டு. அரக்கு ஆல்கஹாலில் கரையும். இது தெரியாத வயதில் பெரியப்பாவின் பெட்டியிலிருந்த ஒரு நாகஸ்வரத் தட்டை நான் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். பஞ்சு கறுத்தது, அழுக்கு வருகிறது என்று மகிழ்ந்து மேலும் தேய்த்தேன். வந்தது அழுக்கு அல்ல, தட்டே கரைந்து வந்தது. அந்தப் பக்கத்தை அதன் பிறகு யாரும் கேட்க முடியவில்லை. அரக்குத் தட்டுக்கு ஒரு சொட்டுச் சோப்பு கலந்த வடிநீர் மட்டும் போதும். ஊறவைக்காமல் விரைவாகத் துடைத்து உடனே உலர்த்திவிட வேண்டும்.

அரக்குத் தட்டு குதிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதன் பள்ளம் அகலமானது. அதற்கான முள்ளின் முனை சுமார் 75 மைக்ரான் ஆரம் கொண்டது. எல்.பி. முள்ளின் முனை ஏறத்தாழ 18 மைக்ரான்தான். எல்.பி. முள்ளை அரக்குத் தட்டில் வைத்தால் அது சுவர்களில் அமராமல் அடித்தரையில் கிடந்து அங்குமிங்கும் அலையும். பழைய பிளேயர்களில் சிறு நெம்புகோலைத் திருப்பினால் முள் மாறும். 78 என்ற எண் மேலே தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கீறல் உண்மையாகவே இருந்தால்

கழுவிய பிறகும் அதே சொல்லில் குதித்தால், அந்த இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். பாட்டை ஓடவிட்டு, குதிக்கும் நொடியில் தட்டை நிறுத்தி, முள் இருக்கும் இடத்துக்கு நேராக லேபிளின் மீது ஒட்டாத சிறு தாள் துண்டை வையுங்கள். பிறகு கையை உயர்த்திவிட்டு, கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர் கண்ணில் பொருத்திக்கொள்ளும் லென்ஸ் வழியாக, மேசை விளக்கைச் சாய்வாகப் பிடித்து அந்த இடத்தைப் பாருங்கள். இரண்டில் ஒன்று தெரியும். வரிக்குள் கெட்டியாக ஒட்டிய துணுக்கு இருக்கலாம். அல்லது கீறல் வரியைக் குறுக்கே வெட்டும்போது அதன் விளிம்பில் பிதுங்கிய வினைல் வரியின் வழியை மறித்து நிற்கலாம். வெறும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் ‘டிக்’ என்று ஒலிக்குமே தவிர, முள்ளைத் தாவச் செய்வது பெரும்பாலும் இந்தப் பிதுக்கம்தான். பிதுக்கத்தைத் தணித்துவிட்டால் பாட்டு ஓடும். ‘டிக்’ ஒலி எஞ்சி நிற்கும்.

இதற்கு ஏற்ற கருவி கூர்மையான மூங்கில் பல்குச்சி. தையல் ஊசி, குண்டூசி, பிளேடு எதுவும் வேண்டாம்; உலோகம் ஒரு நொடியில் புதுப் பள்ளத்தையே வெட்டிவிடும். இடத்தில் ஒரு சொட்டு வடிநீரை விட்டு, லென்ஸில் பார்த்துக்கொண்டே, குச்சியின் முனையை வரிக்குள் படுத்தாற்போல் சாய்த்து வைத்து, வரி ஓடும் திசையிலேயே ஒரு சென்டிமீட்டர் தூரம் மெல்ல இழுக்க வேண்டும். முன்னும் பின்னுமாகப் பத்துப் பன்னிரண்டு முறை இழுத்த பிறகு குச்சியின் முனை மழுங்கியிருக்கும். புதுக் குச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வரிக்குத் தாவாமல் இருக்க முழங்கையை மேசையில் ஊன்றிக்கொள்வது அவசியம். காபி குடித்த கையோடு இந்த வேலையில் உட்கார வேண்டாம் என்பது என் சொந்தக் கட்டுப்பாடு. கை சற்று நடுங்கினாலும் இரண்டு வரி போய்விடும். முடித்ததும் வடிநீரால் துடைத்து, காய்ந்த பிறகு ஓடவிட்டுப் பாருங்கள். முன்னேற்றம் இருந்தால் மறுபடியும் செய்யலாம். மூன்று முறை செய்தும் மாற்றமில்லை என்றால் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வழி, முள்ளையே கருவியாகக் கொள்வது. நல்ல முள்ளைக் கழற்றிவிட்டு, எறிவதற்கென வைத்திருக்கும் பழைய கூம்பு முள் ஒன்றைப் பொருத்துங்கள். மோட்டாரை நிறுத்தி, ஒலியைக் குறைத்து, குதிக்கும் இடத்துக்குச் சற்று முன்பாக முள்ளை இறக்கி, தட்டை விரலால் மிக மெதுவாகச் சுழற்றி அந்த இடத்தைக் கடக்கச் செய்யுங்கள். முள் விலக முயலும் நொடியில், கையின் நுனியை அது விலகும் திசைக்கு எதிராக விரலால் தொட்டால் மட்டும் போதும், அழுத்த வேண்டியதில்லை. அப்படி ஏழெட்டு முறை கடந்தால் வரி மீண்டும் முள்ளுக்கு வழிவிடும். பின்னோக்கித் திரும்பும் தட்டுகளில் இது எனக்குக் குச்சியைவிட நன்றாகப் பயன்பட்டிருக்கிறது.

வளைந்த தட்டு

வினைல் 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் கிடந்த தட்டு ஒரு பிற்பகலில் அப்பளமாகிவிடும். அடுப்பில் சூடாக்கி நிமிர்த்தலாம் என்று சொல்பவர்களைப் பின்பற்ற வேண்டாம். பளபளப்பாக மெருகேற்றிய, 35 சென்டிமீட்டர் சதுரமும் இரண்டு சென்டிமீட்டர் கனமும் உள்ள இரண்டு கிரானைட் துண்டுகளைத் தூசியில்லாமல் துடைத்து, இடையில் தட்டை வைத்து, வெயில் நேரடியாகப் படாத வெதுவெதுப்பான அறையில் இரண்டு மூன்று வாரம் விட்டுவிடுங்கள். மேல் துண்டே ஆறரைக் கிலோ இருக்கும். பெரும்பாலான எல்.பி. தட்டுகளில் விளிம்பும் லேபிள் பகுதியும் சற்று உயர்ந்திருப்பதால், கல்லின் பாரம் அவற்றின் மீதே இறங்கும். இலேசான வளைவு இதில் சரியாகும். கூர்மையாக மடிந்த விளிம்பு சரியாகாது.

சரியாகாத தட்டுகள்

ஆழமாகக் குடைந்த பள்ளத்தையும் விளிம்பிலிருந்து உள்ளே ஓடிய விரிசலையும் யாராலும் வீட்டில் சரிசெய்ய முடியாது. விரிசல் விட்ட தட்டை மேலும் மேலும் ஓடவிட்டால் முள்தான் முறியும். அத்தகைய தட்டில் இருப்பது வேறெங்கும் கிடைக்காத பாட்டு என்றால், அதைக் கணினியில் பதிவுசெய்துவிடுங்கள். 78 சுற்றுத் தட்டை 45 அல்லது 33⅓ வேகத்தில் ஓடவிட்டால், சாதாரண வேகத்தில் தாவும் இடத்தைக்கூட முள் பல நேரங்களில் நிதானமாகக் கடந்துவிடும். பதிவான ஒலியின் வேகத்தை ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் 78க்கு உயர்த்திக்கொள்ளலாம். அப்படியும் தாவினால், தாவும் இடத்துக்கு முன்பகுதியைத் தனியாகவும், முள்ளைச் சற்று முன்னே தூக்கி வைத்துப் பின்பகுதியைத் தனியாகவும் பதிந்து, தாளம் பிசகாத இடத்தில் இரண்டையும் இணைக்கலாம்.

சரிசெய்த ஒவ்வொரு தட்டின் உறையிலும், எந்தப் பக்கத்தில் எந்தச் சொல்லில் குதித்தது, என்ன செய்தேன், எந்தத் தேதியில் என்பதைப் பென்சிலால் எழுதி வைக்கிறேன். ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் மீண்டும் குதித்தால் துணுக்கு எஞ்சியிருக்கிறது. வேறு இடத்தில் குதித்தால் முதலில் முள்ளைப் பார்க்க வேண்டும்.